ஆய்வுக்கு வருபவர் முடிவோடும் வரட்டும்

புத்தளம் கரையோரக் குடியிருப்புகளுக்குக் கேள்வித்தாளோடு வந்தவர்கள் கொஞ்சமல்லர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றிய காலம் முதல், நிவாரணம், மீள்குடியேற்றம், நோய்நொடி என்று உங்கள் பெயரும் வயதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. எழுதிச் சென்றவர்களில் எத்தனை பேர் முடிவைக் கொண்டுவந்து உங்கள் முன் வாசித்தார்கள் என்பதே எமது கேள்வி.

ஆய்வே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2011ஆம் ஆண்டு புத்தளத்தில் இடம்பெயர்ந்தோரின் 141 குடியிருப்புகளில் 450 பேரிடம் மனநலம் பற்றி ஆராயப்பட்டது. 18.8 வீதமானோரிடம் பாதிப்புக் காணப்பட்டது. அதிற் பெரும்பங்கு உடல்நோவாக வெளிப்பட்ட மனத்துயர். தலையிடி, மேல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பனடோலோடு திரும்பும் தாய்மாரை அறிந்தவர்களுக்கு இது புதினமல்ல. தொழிலற்றோர், துணையை இழந்தோர், உணவுக்கு அந்தரப்படுவோர் ஆகியோரிடமே பாதிப்பு அதிகம். எது காரணம், எது விளைவு என்று ஒரு தடவைக் கணக்கெடுப்பால் அறுதியிட முடியாதுதான். ஆயினும் வயலை இழந்து பிறர் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்பவருக்குக் காணியும் தொழிலும்கூட மருந்து என்றே நாம் அதனை வாசிக்கிறோம். பிரதேச செயலகத்தில் எடுத்துப் பேச வேண்டிய எண்கள் இவை. ஆங்கிலச் சஞ்சிகையில் மட்டும் கிடந்தால் யார் எடுத்துப் பேசுவது?

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுப்பாய் ஆதிக்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென நம்பி இரத்தம் கொடுத்தனர். அது அவர்களைக் கேளாமலே வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. வழக்காடி, 2010இல் நட்டஈட்டையும் எஞ்சிய இரத்த மாதிரிகளையும் திரும்பப் பெற்றனர். தென்னாபிரிக்காவின் சான் மக்களோ 2017இல், தம்மிடம் வரும் ஆய்வாளர்களுக்குத் தாமே ஒழுக்கக்கோவை எழுதிக் கொடுத்தனர். கூட வேலை செய்ய விரும்பும் ஆய்வாளருக்கு அது தடையல்ல, வழி.

கேள்வியையும் நீங்களே எழுப்பலாம். கற்பிட்டி மணலில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் உரம் கிணற்றில் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று; இங்கு பல கிணறுகளில் அது மீறியிருப்பது ஆய்வுகளில் தெரிந்ததே. கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்து. கொதிக்க வைத்தாலும் போகாது. ஊரவரும் வந்தவரும் ஒரே தண்ணீரைத்தான் குடிக்கிறோம்; ஆகவே இரு சாராரும் சேர்ந்து கேட்க வேண்டிய விடயம். அடுத்து வரும் ஆய்வாளரிடம் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்து, முடிவைத் தமிழில் சொல்ல என்றைக்கு வருவீர்கள் என்று திகதி கேளுங்கள்.