‘சும்மா’ பாருங்கண்ணே!

‘சும்மா’ என்னும் சொல்லுக்குத் தமிழில் பல பொருள் உண்டு. பட்டறையில் அதற்கு இரண்டே பொருள்தான். ஒன்று, “பெரிய கோளாறு ஒன்றுமில்லை, ஒரு பார்வை பார்த்தால் போதும்.” மற்றொன்று, “நான் காசு கொடுக்கப் போவதில்லை.” “அண்ணே, சும்மா பாருங்களேன்” என்று ஒருவர் வந்து நிற்கும்போது பெரும்பாலும் இரண்டு பொருளும் சேர்ந்தே வருகின்றன.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பேராக்கில் எங்கள் ஊரில் என் அண்ணன் ஒரு சிறிய பட்டறை நடத்துகிறார். மோட்டார் சைக்கிளும் பார்ப்பார், காரும் பார்ப்பார். நாங்கள் இருவரும் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். பிறகு நான் தேசிய இடைநிலைப்பள்ளி வழியாக இங்கே வந்து சேர்ந்தேன். அவர் தொழிற்பயிற்சிக்குப் போய் மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலையை முடித்தார். ஒவ்வொரு பருவ விடுமுறையிலும் அவருடைய கணக்குப் புத்தகம் என் கைக்கு வந்துவிடும். அந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்து, உதவி கேட்டு வருகிறவர்களை மூன்று ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பார்த்தவரையில் என் முடிவு இது: மோசமாகக் கேட்பவர்கள் படிக்காதவர்கள் அல்லர். நாம்தான்.

ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் ஆய்வுச் சிக்கலைப் பத்துப் பக்கத்துக்கு எழுதத் தெரிந்த நமக்கு, சொந்த வண்டியின் சிக்கலைப் பத்துச் சொல்லில் சொல்லத் தெரிவதில்லை. சொல்லத் தெரியாதது மட்டுமல்ல. பலர் சிக்கலைச் சொல்வதே இல்லை, தீர்வைச் சொல்லிவிடுகிறார்கள். “அண்ணே, பேட்டரி மாத்தணும், எவ்வளவு?” என்று கேட்டபடியே இறங்குவார்கள். திறந்து பார்த்தால் பேட்டரி நன்றாக இருக்கும். அதன் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருக்கும். சுரண்டித் துடைத்து இறுக்கினால் வேலை முடிந்தது. கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுக்கும் பட்டறையாக இருந்தால் அன்றைக்குப் புதுப் பேட்டரியின் விலை கைவிட்டுப் போயிருக்கும்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளை நினைத்துப் பாருங்கள். மருத்துவத்தின் நான்கு கூறுகளை வள்ளுவர் எண்ணும்போது மருத்துவருக்கும் முன்னால் நோயாளியைத்தான் வைக்கிறார். வண்டிக்கு வாய் இல்லை. ஆகவே பட்டறையில் அந்த முதல் இடம் ஓட்டியவருக்கு உரியது. அவர் என்ன பார்த்தார், எப்போது பார்த்தார், அதற்கு முன் என்ன நடந்தது என்பதைச் சொன்னால்தான் போமன் வேலையைத் தொடங்க முடியும்.

“மைவிண்ணே” என்பது போதாது. மைவி 2005இல் ஒன்று வந்தது, 2011இல் இன்னொன்று, 2017இல் மூன்றாவது. பெயர் ஒன்றுதான், பொருள்கள் வேறு. “இ.எக்ஸ்.5” என்றாலும் கார்புரேட்டர் உள்ள பழையதா, எரிபொருளை அளந்து தெளிக்கும் எஃப்.ஐ. வண்டியா என்று சொல்ல வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடேறிய பிறகா? மழையில் நனைந்த மறுநாளா? கடைசியாக என்ன மாற்றினார்கள்? எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைத்தான் மக்கள் மறைக்கிறார்கள்: ஏற்கெனவே வேறு யாராவது கைவைத்தார்களா? மாமா மகன் இரண்டு ஒயரைப் பிடுங்கி மாற்றிச் செருகியிருப்பார். அதைச் சொன்னால் கௌரவக் குறைவு என்று வாயைத் திறப்பதில்லை. அண்ணன் அரைநாள் அலைந்து அந்த இரண்டு ஒயருக்கு வந்து சேர்வார். “ஆமாண்ணே, அது அன்னைக்கு எங்க மாமா பையன்...” என்று அப்போதுதான் வரும்.

அடுத்தது சத்தம். தமிழ்மொழிக் கழகத்தின் இதழில் இதைப் பற்றி எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

“ஒரு மாதிரி சத்தம் வருதுண்ணே.”

“எந்த மாதிரி?”

“அதான்ணே, ஒரு மாதிரி.”

இந்த உரையாடலை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கேட்டவர்களில் பாதிப்பேர் என்னைப் போலவே தமிழ்ப்பள்ளியில் இரட்டைக்கிளவியை மனப்பாடம் செய்தவர்கள். கடகட, சலசல, மளமள, நறநற, கரகர என்று வரிசையாக ஒப்பித்து, யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்காகக் கோடிட்ட இடத்தை நிரப்பிப் பழகியவர்கள். அந்தத் தேர்வு 2021இல் ரத்தாகிவிட்டது. அதற்காகப் படித்த சொற்களையும் நாம் அதோடு ரத்து செய்துவிட்டோம் போலும். ஓசைக்குத் தமிழில் இருக்கும் அளவுக்கு நுட்பமான சொற்களை வைத்துக்கொண்டு ‘ஒரு மாதிரி’ என்று சொல்லி நிற்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா பழைய சாகாவில் வந்தார். “தம்பி, நேரா போனா சத்தமே இல்ல. வளைவுல திரும்புனா மட்டும் டக்குடக்குடக்குனு அடிக்குது. இடதுபக்கம் திரும்புனா கூட கேக்குது.” அவ்வளவுதான். ஜாக்கியைக் கையில் எடுக்கும் முன்பே, சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் முனையில் உள்ள மூட்டு தேய்ந்திருக்கும் என்று அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டார். தூக்கிப் பார்த்தபோது மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து மசகெல்லாம் வெளியே வந்திருந்தது. அந்தத் தாத்தா எத்தனாம் வகுப்பு வரை படித்தார் என்று நான் கேட்கவில்லை.

பிரேக் பிடிக்கும்போது ‘கீச்’சென்றால் பட்டை தேய்ந்து வருகிறது என்பதற்கு வாய்ப்பு. அதுவே ‘கரகர’வென்று இரும்பு இரும்போடு உரசினால் பட்டை தீர்ந்தேவிட்டது, அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டவே கூடாது. வேகம் கூடக்கூட ‘ஊ’வென்று உரத்துக்கொண்டு போனால் சக்கரத்துப் பேரிங்கைப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது ஒரே ஒரு ‘டக்’. உடனே விளக்குகள் மங்குகின்றன என்றால் பேட்டரி அல்லது அதன் இணைப்பு. ‘கிர்கிர்கிர்’ரென்று நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் எண்ணெய் வரவில்லை, அல்லது பிளக்கில் பொறி இல்லை. இவையெல்லாம் தீர்ப்பு அல்ல. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதற்கான அடையாளம் மட்டுமே. ஆனால் அந்த அடையாளம் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

நம் பெண்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. தான் ஓட்டிய காரைப் பற்றிப் பேசக்கூட அப்பாவையோ தம்பியையோ அழைத்து வந்து பக்கத்தில் நிற்கும் தோழிகளை நிறையப் பார்க்கிறேன். தம்பி ஏதோ சொல்கிறான், இவள் தலையாட்டுகிறாள். காரை ஓட்டியவள் நீ. சத்தத்தைக் கேட்டது உன் காது. பட்டறையில் பெண் பேசினால் ஏமாற்றிவிடுவார்கள் என்கிறார்கள். விவரமாகப் பேசுகிறவரை ஏமாற்றுவது எளிதல்ல. அது ஆணானாலும் பெண்ணானாலும்.

இனி காசு. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. வேற்றினத்தவர் பட்டறையில் விலைச்சீட்டைப் பார்த்து மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்து வைப்பவர், நம்மவர் பட்டறைக்கு வந்தால் “நம்ம ஆளுதானே, பாத்துப் போடுங்க” என்கிறார். நம்ம ஆள் என்றால் கொஞ்சம் கூடக் கொடுப்பதுதானே முறை? உறவும் மொழியும் தள்ளுபடிச் சீட்டாகி வெகுகாலமாகிறது. பட்டறைப் பையன்களின் சம்பளம், வாடகை, மின்கட்டணம் இவையெதுவும் தமிழில் கேட்டால் குறைவதில்லை. 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்குக் கணக்கிட்டால் எட்டு வெள்ளிக்கு மேல். யாரிடமாவது ‘சும்மா’ ஒரு மணி நேரம் கேட்கும்போது, நாம் கேட்பது குறைந்தது அந்த எட்டு வெள்ளியை.

பொருளின் விலையில் யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. சண்டை எல்லாம் கூலியில்தான், அதிலும் கண்டுபிடித்ததற்கான கூலியில். மின்சாரக் கோளாறு இருக்கிறதே, அதைத் தேட ஒன்றரை மணி நேரம் ஆகும். கழன்ற ஒயரை மாட்ட ஒரு நிமிடம் ஆகும். கார்க்காரர் அந்த ஒன்றரை மணி நேரமும் எதிர்க்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பார். திரும்பி வந்து அந்த ஒரு நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு, “ஒயர் மாட்டினதுக்கா நாப்பது வெள்ளி?” என்பார். கணக்கு எழுதும் எனக்கு அந்த நேரத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போகத் தோன்றும்.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல பொருளைக் கழற்றி மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் கேளுங்கள். ஆனால் வேலைக்கு முன் கேளுங்கள்: “பார்ப்பதற்கே எவ்வளவு ஆகும்? இவ்வளவுக்கு மேல் போனால் எனக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கொடுங்கள்.” இவை மூன்றும் மரியாதைக்குறைவு அல்ல. வேலை முடிந்த பிறகு பேரம் பேசுவதுதான் மரியாதைக்குறைவு.

கையில் காசில்லை என்றால் அதையும் முதலிலேயே சொல்லலாம். கடனுதவிப் பணம் கணக்கில் விழும்வரை எப்படிக் காலம் தள்ளுகிறோம் என்பது நமக்குத் தெரியாததா? நான் பார்த்ததில் சிறந்த கேள்வி ஒரு முதலாமாண்டு மாணவன் கேட்டது: “அண்ணே, எங்கிட்ட எழுபது வெள்ளிதான் இருக்கு. எத இப்பவே செய்யணும், எது அடுத்த மாசம் வரைக்கும் தாங்கும்?” அண்ணன் உட்கார்ந்து பட்டியலே போட்டுக் கொடுத்தார். பிரேக்கும் பின் டயரும் இன்றைக்கே. புகைக்குழாய்ச் சத்தம் பொறுக்கும். உடைந்த பக்கவாட்டு மூடி வருடக்கணக்கில் பொறுக்கும். இந்தப் பையன் ‘சும்மா’ என்ற சொல்லையே எடுக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

விடுதியில் உள்ள நண்பர்களிடம் கேட்பதும் ஏறக்குறைய இதேதான். ஒவ்வொரு விடுதியிலும் ஸ்பேனர் வைத்திருக்கும் ஒருவன் இருப்பான். அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் அவனுக்குச் சொந்தமில்லை. “நீ மெக்கானிக்கல்தானே படிக்கிறே” என்று பொறியியல் மாணவனை இழுத்துப் போவது இன்னொரு கொடுமை. அவன் படிப்பது வேறு, பாவம். எண்ணெய் இருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா, முகப்பில் எரியும் விளக்கு சிவப்பா மஞ்சளா என்பதையாவது பார்த்துவிட்டு அழையுங்கள். புலனத்தில் “அண்ணே” என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்களை என்ன செய்வது? எழுதுவதை ஒரே செய்தியில் எழுதி, படத்தையும் சேர்த்து அனுப்பினால், காரின் அடியில் படுத்திருப்பவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும்.

கேட்கப்படுகிறவருக்கும் முறை உண்டுதான். அண்ணனுக்குக் கோபம் அதிகம். எஞ்சின் எண்ணெயை ஒரு வருடமாக மாற்றாதவரை அவர் திட்டும் திட்டில் சிலர் மறுபடி அந்தப் பக்கமே வருவதில்லை. அது அவருக்குத்தான் நட்டம் என்று நான் பலமுறை சொல்லியாயிற்று. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி வேறு பட்டறைக்கு அனுப்பிவிடுவார். அந்த நேர்மைக்காக அவருடைய வாயைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது தங்கையின் கருத்து.

எல்லாம் முடிந்தபின் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைத்தான் யாரும் செய்வதில்லை: என்ன ஆயிற்று என்று திரும்பச் சொல்வது. போமனுக்கு அது நன்றிக்கும் மேல். தான் நினைத்தது சரியா என்று தெரிந்தால்தான் அடுத்த வண்டிக்கு அது பாடமாகும்.

சென்ற தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, இரவு பதினொரு மணிக்கு ஓர் அழைப்பு. பல்கலைக்கழக மாணவர் ஒருவர், நண்பரின் நண்பர். வடக்கே ஊருக்குப் போகும் வழியில், ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு முந்திய ஏற்றத்தில், வெப்பமுள் மேலே ஏறிவிட்டது என்றார். அண்ணன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பேசினார். எஞ்சினை அணை. ரேடியேட்டர் மூடியை இப்போது தொடாதே, கொதிநீர் முகத்தில் அடிக்கும். காருக்குள் இருக்காதே, எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். முதலில் பிளஸ்ரோந்தாவைக் கூப்பிடு, பிறகு என்னைக் கூப்பிடு. முக்கால் மணி நேரத்தில் நான்கு அழைப்புகள். கடைசி அழைப்பில், இழுவை வண்டி வந்துவிட்டது, வீட்டுக்குப் போனதும் செய்தி அனுப்புகிறேன் என்றார் அந்த மாணவர்.

தண்ணீர்ப் பம்பா, விசிறியா, தெர்மோஸ்டாட்டா என்று அண்ணனும் பட்டறைப் பையனும் மறுநாள் பந்தயம் கட்டினார்கள். பையன் பம்பு என்றான். அண்ணன் விசிறி இல்லவே இல்லை என்றார். ஏற்றத்தில் வேகமாக ஓடும் காருக்கு எதிர்காற்றே போதுமாம். பந்தயம் ஐந்து வெள்ளி. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நான்தான் எழுதி வைத்தேன். இன்னும் அப்படியே இருக்கிறது.