சிரிப்புக்கு ஜாமீன் எதற்கு?

ஒரு சங்கீத வித்துவானைப் பாராட்டும்போது, 'அவர் பாடினார், சிந்திக்கவும் வைத்தார்' என்று யாரும் சொல்வதில்லை. பாடினார் என்றால் போதும். கல்யாண வீட்டுச் சமையற்காரரைப் புகழ்கிறவர்கள், சாம்பார் ருசியாக இருந்தது, அதில் நல்ல கருத்தும் இருந்தது என்று சொல்லிக் கேட்டதில்லை. ஹாஸ்ய நடிகனைப் பற்றி வாயைத் திறந்தால் மட்டும் நமக்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. 'சிரிக்க வைத்தார், சிந்திக்கவும் வைத்தார்' என்கிறோம். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் பிறந்த நாளோ நினைவு நாளோ, மேடை எதுவானாலும் இந்த வாக்கியம் மாலைக்கு முன்னால் வந்து நிற்கிறது.

கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்ள நான் வரவில்லை. இது பொய்யான வாக்கியம் என்று சொல்ல வருகிறேன். அந்த 'உம்'மைக் கவனியுங்கள். சிரிப்பு என்கிற ஒழுங்கீனமான பயலுக்கு, சிந்தனை என்கிற பெரிய மனிதர் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். இல்லாவிட்டால் பயலை உள்ளே விடமாட்டார்கள்! கலைவாணரைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, அவர் தொழிலையும் அவருடைய ரசிகனையும் ஒரே மூச்சில் சிறுமைப்படுத்துகிறார்கள்.

வெகுநாளாக மனசில் கிடந்த இந்த எண்ணத்துக்கு உருவம் கிடைத்தது மரக்காணத்தில்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் ஜன்னல் வழியே தெரிகிற வெள்ளைக் குவியல்கள்தாம். நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த வெள்ளை, வெயில் ஏறினால் கண்ணைப் பறிக்கும். அதனாலேயே உப்பு வாருகிறவர்கள் விடியுமுன் இருட்டிலேயே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். ஆண்கள் பலகையால் இழுத்து வரப்பில் சேர்க்க, பெண்கள் கூடையில் சுமந்துபோய்க் கொட்டுகிறார்கள். மழைக்காலம் முழுவதும் வேலை கிடையாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது அளங்கள் நீருக்கடியில் போயின. பாத்தியைப் பழையபடி மிதித்துக் கெட்டிப்படுத்தினால்தான் அடுத்த உப்பு.

இந்த அளங்களை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், ஒரு கோடையில், அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூத்துப் பார்க்கப் போயிருந்தேன். விடிய விடிய நடக்கிற பாரதக் கூத்து. அதற்கு முன்னால் ஒரு மணி நேரத்தை ஒரு சமூக சேவை ஸ்தாபனம் விலைக்கு வாங்கியிருந்தது. ஸ்தாபனத்தின் பெயர் எதற்கு? இப்படிப்பட்டவை பல இருக்கின்றன. நல்லெண்ணம் உடையவர்கள்தாம். உப்பளத் தொழிலாளர்கள் காலில் பூட்ஸ் அணிய வேண்டும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி, இதைக் கட்டியக்காரன் வாயால் ஹாஸ்யமாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பாடு.

கூத்துப் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கூத்தில் ராஜா சும்மா வந்துவிட முடியாது. திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வருவார். வெளியே நிற்கிற கட்டியக்காரன், 'யாரய்யா நீ?' என்று கேட்பான். துரியோதனன் தன் அத்தினாபுரத்துப் பெருமையை விருத்தத்தில் நிறுத்திப் பாடுவான். கட்டியக்காரன் அதை உள்ளூர்த் தமிழில் இறக்கிச் சொல்வான். இறக்கும்போது கொஞ்சம் சிந்தும். அந்தச் சிந்தலுக்காகத்தான் பாதிச் சனம் விழித்திருக்கிறது. ராஜாவுக்கு வசனம் பாட்டன் காலத்து வசனம். கட்டியக்காரனுக்கோ அன்றைக்கு ஊரில் நடந்தது எல்லாமே வசனம்.

காகிதத்தை அவர் ஒழுங்காகவே சொல்லி முடித்தார். ஜனங்கள் பிரேயரில் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த கிழவி முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தே விட்டாள். பிறகு மத்தளம் பேசிற்று, முகவீணை அலறிற்று, துரியோதனன் புஜகீர்த்தியும் கிரீடமுமாகச் சுழன்று வந்து நின்றான். கட்டியக்காரர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். காலில் வந்து பார்வை நின்றது.

"மகாராசா, காலுக்கு பூட்ஸ் போடலையா?"

"அடே! அத்தினாபுரத்து மகாராஜனடா நான்!"

"ஓகோ! மகாராசான்னா பூட்ஸ் கெடயாதா? இது தெரியாமப் போச்சே! எங்க ஊர்ல யாருக்குமே பூட்ஸ் இல்லீங்க. அப்ப நாங்கெல்லாம் மகாராசாதான்!"

கிழவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "கண்ணாடி போடுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க மகாராசா. எங்க போடறதுன்னேன். கண்ணுலன்னாங்க. கண்ணு இருக்குது. பாக்கிய நீங்கதான் குடுத்தனுப்பணும்" என்றார் அவர். அளத்துப் பெண்கள் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஸ்தாபனத்து வாலிபர் என் பக்கம் சாய்ந்து, "நன்றாகச் சிரிக்க வைக்கிறார் சார். ஆனால் மெசேஜ் அடிபட்டுப் போய்விட்டதே!" என்று வருத்தப்பட்டார்.

அந்த வாலிபரிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர் கலைவாணர் விழா மேடைகளின் பிள்ளை. ஆனால் யோசித்துப் பாருங்கள். உப்பு நீரில் கால் வெடித்துப் போனவளுக்குக் கால் வெடிக்கும் என்று யார் சிந்தனை ஊட்ட வேண்டும்? அவள் சிந்தித்து முடித்துப் பல வருஷம் ஆகிறது. பூட்ஸ் யார் வாங்கித் தர வேண்டும், ஏன் வாங்கித் தரவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தனக்குள் வைத்திருந்ததை வேறொருவன் பத்துப் பேர் நடுவில் கூசாமல் போட்டு உடைக்கிறானே, அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. சிந்தனை முன்னாலேயே வந்துவிட்டது. 'சிந்திக்கவும் வைத்தார்' என்று சொல்கிறவன், தரை டிக்கெட்டில் இருக்கிறவனுக்கு மூளை கிடையாது என்று வைத்துக்கொண்டு பேசுகிறான்.

இனிக் கலைவாணர். 1908 நவம்பர் 29-ம் தேதி நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்து, 1936-ல் வந்த 'சதிலீலாவதி' காலத்தில் சினிமாவுக்குள் நுழைந்தவர். தமக்கும் மனைவி டி. ஏ. மதுரத்துக்கும் தாமே நகைச்சுவைப் பகுதிகளை அமைத்துக்கொண்டார். 1944 நவம்பரில் பத்திரிகையாசிரியர் லட்சுமிகாந்தன் கொலையுண்ட வழக்கில் தியாகராஜ பாகவதரோடு அவரும் கைதானார். 1945-ல் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை ஆனார்கள்.

விடுதலைக்குப் பிறகு பாகவதரின் படங்கள் பழைய வெற்றியைக் காணவில்லை. கிருஷ்ணனோ விட்ட இடத்தில் தொடர்ந்தார். 1949-ல் அண்ணாதுரை எழுதிய 'நல்லதம்பி'யில் கதாநாயகன். 1951-ல் 'மணமகள்', 1952-ல் 'பணம்' என்று டைரக்‌ஷன். சிறைக்குப் போய் வந்த மனிதனிடம் ஜனங்கள் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை. மனசு விட்டுச் சிரித்தார்கள். அவர் வேலை அதோடு முடிந்தது. சான்றிதழ் கேட்கிறவர்கள் மேடைக்காரர்கள்தாம்.

'நல்லதம்பி'யில் வருகிற கிந்தனார் காலட்சேபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரம் போக ஏங்கிய நந்தனாரின் கதை தமிழ்நாடு கண்ணீர் விட்டுக் கேட்ட கதை. அதே காலட்சேப பாணியில், அதே பக்தி பாவத்தோடு, பள்ளிக்கூடம் போக ஏங்கும் கிந்தன் என்று ஆரம்பிக்கிறார் கிருஷ்ணன். தெய்வம் இருக்கிற இடத்தில் படிப்பு. அக்கினிப் பிரவேசம் கிடையாது. ரயில் ஏறிப் பட்டணம் போய்ப் படித்து, இன்ஸ்பெக்டராகத் தன் பழைய வாத்தியார் முன்னாலேயே வந்து நிற்கிறான். வாத்தியார் முகத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. கீழ்ச்சாதிப் பையன் படிக்கலாமா என்று அந்தக் காலத்துத் தரை டிக்கெட்காரன் இந்தக் காட்சியைப் பார்த்தா யோசிக்க ஆரம்பித்தான்? தன் பிள்ளையைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தின வாத்தியாரை அவன் பார்த்திருக்கிறான். அந்த வாத்தியார் கைகட்டி நிற்பதைப் பார்க்க அவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. அது எவ்வளவு பெரிய சந்தோஷம்! அதை விட்டுவிட்டு 'கல்வியின் அவசியத்தை வலியுறுத்தினார்' என்று பரீட்சை விடை எழுதுகிறோம்.

அதே படத்தில் மதுவிலக்குப் பிரசாரம் வருகிற இடங்களில் எனக்குக் கொட்டாவி வருகிறது. கலைவாணரின் பக்தர்கள் என்னை மன்னிக்கட்டும். அங்கே அவர் கையில் யாரோ காகிதம் கொடுத்திருக்கிறார்கள். கிருஷ்ணனிடம் எது சரக்கு, எது காகிதம் என்று பிரித்துப் பார்க்கக்கூட இந்தச் 'சிந்திக்கவும்' நம்மை விடுவதில்லை. பிரசாரம் இருந்த இடமெல்லாம் உயர்வு என்று முடிவு கட்டிவிட்டோம்.

இந்த வியாதி நம்முடையது மட்டுமல்ல. ஸ்காட்லாந்தில் பில்லி கானலி என்று ஒருவர். 1942-ல் கிளாஸ்கோவில் பிறந்து, கிளைடு நதிக்கரையில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். பாஞ்சோ வாசித்துப் பாட மேடை ஏறி, பாட்டுக்கு நடுவில் பேசிய பேச்சு பாட்டைத் தின்றுவிட, ஒற்றை ஆளாக நின்று பேசியே சிரிக்க வைக்கிறதைத் தொழிலாகக் கொண்டார். ஸ்டாண்ட்-அப் என்று நம் நகரங்களில் இப்போது டிக்கெட் போட்டு நடத்துகிறார்களே, அதுதான். ஏசுநாதரின் கடைசி விருந்தை அப்படியே தூக்கி கிளாஸ்கோவின் மதுக்கடை ஒன்றில் இறக்கி வைத்தார் கானலி. சீடர்கள் கப்பல் தளத்துத் தமிழ் — கிளாஸ்கோவுக்கு ஒரு கப்பல் தளத்துத் தமிழ் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள் — பேசுகிறார்கள். ஒரு பாதிரியார் அவர் நிகழ்ச்சிகளுக்கு வெளியே நின்று எதிர்ப்புக் காட்டினார். அதே மனிதருக்கு 2017-ல் சர் பட்டம் வந்தது. எழுபத்தைந்தாவது பிறந்த நாளுக்கு கிளாஸ்கோ நகரச் சுவர்களில் ஆளுயரத்துக்கும் மேலே அவர் படங்களை எழுதினார்கள்.

கட்டியக்காரர் துரியோதனனை உப்பளத்துக்குக் கொண்டுவந்தது, கிருஷ்ணன் நந்தனாரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, கானலி ஏசுநாதரை மதுக்கடைக்கு அழைத்தது: மூன்றும் ஒரே காரியம். எட்டாத உயரத்தில் வைத்திருக்கிற கதையைக் கையைப் பிடித்துத் தெருவில் இறக்கிவிடுகிற காரியம். ஆள் உயிரோடு வேலை செய்கிற காலத்தில் அது ஆபாசம், அபசாரம். பிறகு சர் பட்டம், சிலை, சிந்தனையாளர். 1957 ஆகஸ்ட் 30-ல் நாற்பத்தெட்டே வயதில் கிருஷ்ணன் மறைந்தார். 1969 ஜனவரியில் சென்னையில் அவர் சிலையை முதலமைச்சர் அண்ணாதுரை திறந்து வைத்தார். அடுத்த மாதம் அண்ணாவும் இல்லை. கலைவாணர் அரங்கம் என்று ஒரு மண்டபம் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், சட்டசபையே அங்கே கூடிற்று. ஒரு ஹாஸ்ய நடிகர் பெயரிட்ட கூரையின் கீழ் மாநிலத்தின் மந்திரிசபை உட்கார்ந்திருக்கிறது; ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கலைவாணர் இருந்திருந்தால் அதை வைத்தே ஒரு படம் எடுத்திருப்பார்.

'அப்படியானால் சினிமாவில் கறுப்பு நிறத்தையும் திக்குவாயையும் பழித்துச் சிரிக்க வைக்கிறார்களே, அதுவும் சரிதானா?' என்று நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். சரியில்லை. அது மட்டமான ஹாஸ்யம். இளைத்தவனைக் குத்துகிறதற்குத் திறமை வேண்டியதில்லை, அதனால் மட்டம். அதில் கருத்து இல்லாதது ஒரு குறையே அல்ல. பார்க்கப்போனால், இரண்டு மணி நேரம் ஒருத்தியின் நிறத்தைக் கேலி செய்துவிட்டுக் கடைசி ஐந்து நிமிஷத்தில் 'நிறம் முக்கியமில்லை, குணம்தான் முக்கியம்' என்று அழவைக்கிற படங்களை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! ஜாமீன் கையெழுத்து அங்கே யாருக்குப் பயன்படுகிறது என்று நண்பர் யோசிக்கட்டும். நல்ல விகடகவி அதைக் கேட்டதே இல்லை. அளத்துக் கட்டியக்காரருக்கு அது எதற்கு? அவர் மகாராஜாவைப் பார்த்துக் கேள்வி கேட்கிறவர்.

அன்று மூன்று மணி இருக்கும். கூத்து முடியவில்லை. பாஞ்சாலி துகிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அளத்துக்குப் போக வேண்டியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து புடைவையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். ஸ்தாபனத்து வாலிபர் வண்டியில் தூங்கிப் போயிருந்தார். நான் கொட்டகைக்குப் பின்னால் போய், வரப்பு ஆரம்பிக்கிற இடத்தில் நின்றேன். நிலா இல்லை. பாத்தியில் தண்ணீர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வெறுங்காலோடு பெண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். இருட்டில் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"ஏ மகாராசா! கூடைய எடு, நேரமாச்சு!"

பாத்தி முழுக்கச் சிரிப்பு.