சாத்தானுக்கு முன்னே வரும் கணவன்

பேய்ப்படமென்றாலே சிறுபிள்ளைச் சமாச்சாரம் என்று ஒதுக்கும் இலக்கியவாதிகளோடு நமக்குச் சண்டை பழையது. பெண்ணைக் கதறவிட்டு வேடிக்கை பார்ப்பதே திகில் படம் என்று தீர்ப்பெழுதிவிட்ட பெண்ணிய நண்பர்களோடும் இப்போது சண்டையிட வேண்டியிருக்கிறது. அவர்கள் சொல்வதற்குப் பொருந்தும் படங்கள் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் 1968இல் வந்த 'ரோஸ்மேரிஸ் பேபி'யை என்ன செய்வது?

ஐரா லெவினின் நாவல்; இயக்கியவர் ரோமன் போலன்ஸ்கி. நியூயார்க்கின் பழைய அடுக்ககமொன்றில் குடியேறும் இளம் மனைவி, சாத்தானின் பிள்ளையைச் சுமக்கிறாள். கதை இவ்வளவுதான் என்பவர்கள் படத்தைப் பார்க்கவில்லை என்போம். மருந்து கலந்த இனிப்பை உண்டு நினைவிழந்தவள், மறுநாள் உடலில் கீறல்களோடு விழிக்கிறாள். 'நீ உறங்கும்போது கூடியவன் நான்தான்' என்கிறான் கணவன், வெகு இயல்பாக. அது பொய். அப்படியொரு பொய்யை அவனால் கூசாமல் சொல்ல முடிவது எப்படி? கணவன் செய்தால் குற்றமன்று என்பதே அன்றைய அமெரிக்கச் சட்டம். சாத்தானின் குற்றத்தை மூடிமறைக்கக் கணவனின் உரிமையே போதுமானதாயிருக்கிறது! (அதே விதிவிலக்கு, 2023இல் இயற்றப்பட்ட நம் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பத்திரமாக வைக்கப்பட்டது.)

பிறகு வலி. மாதக்கணக்கில். புத்தகம் படிக்காதே, தோழியர் சொல் கேளாதே என்கிறார் மருத்துவர். விருந்தொன்றில் தோழியர் கணவனை வெளியே நிறுத்திச் சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டு அவள் அழுவதைக் கேட்கிறார்கள்; படத்தில் அவள் சொல் நம்பப்படும் அபூர்வமான இடம். கடைசியில் வேறொரு மருத்துவரிடம் ஓடி எல்லாவற்றையும் கொட்டுகிறாள். பரிவோடு கேட்கிறார், படுத்துறங்கச் சொல்கிறார். பிறகு அவள் கணவனையே வரவழைத்து ஒப்படைத்துவிடுகிறார். அவர் சாத்தானின் ஆளல்லர். நல்ல மனிதர். நம்மைக் குலைநடுங்க வைத்தவர் அவர்தான்.

போலன்ஸ்கியின் யோக்கியதை என்ன என்று கேட்பீர்கள். சிறுமியொருத்தி தொடர்பான பாலியல் வழக்கில் 1977இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1978இல் அமெரிக்காவிலிருந்து தப்பியோடியவர். அவருக்குப் பெண்ணியப் பட்டம் சூட்ட நாம் வரவில்லை. பார்க்கும் பெண் தன் அச்சத்தை அதில் அடையாளம் காண்பதற்கு அவருடைய நற்சான்று எதற்கு?

2020இல் லீ வான்னெல் இயக்கிய 'தி இன்விசிபிள் மேன்' இதே நூலைப் பிடித்துச் செல்கிறது. கொடுமைக்காரக் காதலனிடமிருந்து தப்பியவளை, கண்ணுக்குத் தெரியாமல் அவன் தொடர்கிறான். ஊருக்கோ அவன் இறந்துபோனவன். நிறைந்திருக்கும் உணவகத்தில் அவள் சகோதரியின் கழுத்தை அறுத்துவிட்டு, கத்தியை இவள் கையில் திணிக்கிறான். அங்கிருந்த அத்தனை பேரும் கண்ணால் கண்ட சாட்சிகள், இவள்தான் கொன்றாள் என்பதற்கு.