சிலிப்பர் கழன்றது தெரியவில்லை

மூன்று மாதங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, நிலையத்தின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, ஒரு கால்ல சிலிப்பர் இல்ல!" என்று கூட வேலை செய்யும் தம்பி பின்னாலிருந்து கத்தினார். திரும்பிப் பார்த்தால், வலது கால் சிலிப்பர் மூன்று படிகளுக்கு மேலே கிடந்தது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. பெருவிரலும் பாதத்தின் மேல்பகுதியும் சில நாட்களாகவே மரத்துப்போயிருந்தன.

வீட்டில் சொன்னதும், அம்மா சீனி டப்பாவைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்துவிட்டார். "இனிப்பு நீர்தாம்மா. உன் தாத்தாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது." தாத்தாவுக்குக் கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்தப் பயத்தில் தே தாரிக்கை நிறுத்தினேனே தவிர, கிளினிக் பக்கம் போகவில்லை. 'உடம்பைக் கவனியுங்கள் நேயர்களே' என்று தினமும் சொல்கிற வாய்தான் இது!

மூன்று வாரம் கழித்துப் போனேன். இரத்தத்தைச் சோதித்த டாக்டர், "இனிப்பு நீர் இல்ல. முதுகு வலிக்குமா?" என்று கேட்டார். தினமும் நான்கு மணி நேரம் மைக் முன்னால் குனிந்து உட்காருகிறவளுக்கு முதுகுவலி எல்லாம் ஒரு செய்தியா? குதிகாலில் நடக்கச் சொன்னார். படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினார். இடுப்பிலிருந்து பாதம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்றது.

பிறகு விளக்கினார். இடுப்புப் பகுதியில் ஐந்து முதுகெலும்புகள். அவற்றின் நடுவே டிஸ்க் என்கிற மெத்தைகள். அங்கிருந்து வெளிவரும் நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து, உடம்பிலேயே தடிமனான நரம்பாகப் பின்தொடை வழியே இறங்குகின்றன. டிஸ்க் பிதுங்கி ஒரு வேரை அழுத்தினால், பாதத்தின் உணர்வு வழியிலேயே தடைபடும். ஹெட்போனில் சத்தம் வராவிட்டால், வயர் எங்கே நசுங்கியிருக்கிறது என்று நாங்கள் தேடுவோமே, அதே கதைதான். ஐந்தாவது இடுப்பு நரம்பு அழுந்தினால் பெருவிரல் பக்கம் மரக்கும். அதற்கு அடுத்த நரம்பு என்றால் சுண்டுவிரல் பக்கம்.

இனிப்பு நீரால் வரும் மரப்பு பெரும்பாலும் இரண்டு கால்களிலும் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மேலே ஏறும். டிஸ்க் பிதுங்கி வருவது பெரும்பாலும் ஒரு காலில். வயதானவர்களுக்கு முதுகுத்தண்டின் உள்வழி குறுகினால் இரண்டு கால்களும் மரக்கலாம்; நடந்தால் கூடும், உட்கார்ந்தாலோ பேரங்காடித் தள்ளுவண்டியில் சாய்ந்து குனிந்தாலோ குறையும். இரண்டு காரணங்களும் ஒருவருக்கே இருக்கலாம். ஆகவே வீட்டிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம்.

பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலேயே சில வாரங்களில் குறைந்துவிடுமாம். எனக்கு பிசியோதெரபி, கூடவே 'படுத்தே கிடக்காதீங்க' என்ற கண்டிப்பு. இப்போது பாட்டு ஓடும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். பெருவிரலில் பாதி உணர்வு திரும்பிவிட்டது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்தாலோ, இரண்டு கால்களும் பலமிழந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலும் தள்ளிப்போடாதீர்கள். எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் தேடும் நேரமல்ல அது.

அம்மா சீனி டப்பாவை இன்னும் கீழே இறக்கவில்லை. அதில் தப்பில்லை. ஆனால் போன வாரம்தான் மெல்லச் சொன்னார்: சந்தையில் கொஞ்ச தூரம் நடந்தாலே அவருக்கு இரண்டு கால்களும் மரத்துப்போகிறதாம், ஒரு வருடமாக! "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்கிறார். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு அழைத்துப்போகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.