படையுமன்று பகையுமன்று

கிருமி பகைவன், வெண்குருதிக் கலம் படைவீரன், உடல் கோட்டை என்னும் பாடம் பள்ளிப் பருவத்திலேயே மாணவர் மனத்திற் பதிந்துவிடுகிறது. புளியந்தீவில் ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்க்கு இவ்வுவமை இனிப்பதில் வியப்பில்லை. ஆயின் குடல் அழற்சி நோயைப் பொறுத்தவரை இது பிழையானது, நோயாளியைக் கெடுப்பதுமாகும்.

குரோன் நோய்க்கோ புண்ணுடைப் பெருங்குடலழற்சிக்கோ வெளியிலிருந்து புகுந்த கிருமி ஒன்றே காரணம் என எவரும் இன்றுவரை நிறுவியதில்லை. பெருங்குடலில் கோடானுகோடி பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுட் சில, உணவின் நார்ப்பொருளை நொதிக்கச் செய்து பியூற்றிரிக்கமிலத்தை ஆக்குகின்றன. பெருங்குடற் சுவர்க் கலங்களுக்கு அதுவே முதன்மையான உணவு. நிர்ப்பீடனத்தின் வேகத்தைத் தணிக்கும் ஒழுங்காக்கும் ரீ கலங்கள் பெருகவும் அது துணைபுரிகிறது. இரு தரப்புக்கும் இடையே சளிப்படலம் எல்லையாய் நிற்கிறது. இவ்விணக்கம் குலையும்போது நெடுநாட் குடிகள் மீதே நிர்ப்பீடனக் கலங்கள் பாய்கின்றன, புண்படுவதோ குடற்சுவர். இன்டர்லூக்கின்-10 என்னும் தணிப்புப் புரதத்தை ஆக்கவியலாத சுண்டெலிகளுக்குக் குடல் அழற்சி உண்டாவது 1993இல் காட்டப்பட்டது. பின்னர் அதே வகைச் சுண்டெலிகளைக் கிருமியற்ற சூழலில் வளர்த்தபோது அந்நோய் தோன்றவில்லை. பற்றீரியா இன்றி அழற்சி இல்லை; தணிப்பு இருந்தவிடத்துப் பற்றீரியா இருந்தும் அழற்சி இல்லை. இங்கே பகைவன் யார்?

மட்டக்களப்பில் இதற்குப் பொருந்தும் உவமை கோட்டையன்று, அதைச் சூழ்ந்த வாவியே. கடல்நீரும் ஆற்றுநீரும் கலப்பதாலேயே அவ்வாவியில் மீனும் இறாலும் பெருகுகின்றன. கடலைப் பகையென்று கருதி முகத்துவாரத்தை நிரந்தரமாக அடைத்தால், மாரி வெள்ளம் வயலிலும் வளவிலும் ஏறும்.

சொற்பற்றிய வீண்வாதம் என இதனை ஒதுக்கலாகாது. மலத்தோடு குருதி போவதைக் கண்டு, கிருமியென்று தானே முடிவுசெய்து நுண்ணுயிர்க்கொல்லியை வாங்கி விழுங்குபவன், துணைநின்ற பற்றீரியாவையும் சேர்த்தே அழிக்கிறான். பின்னர் மருத்துவர் அசதையோபிறீன் எழுதித்தரும்போது, அது நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தெனக் கேட்டு, காவற்படையைக் கலைப்பதா என அஞ்சி நிறுத்திவிடுகிறான். அம்மருந்தினால் தொற்று நேரும் இடர் உண்மையே. குருதிச் சோதனையோடு அது தரப்படுவதும் அத்தகைய இடர்கள் கருதியே. ஆனால் அடங்காத அழற்சியின் இடரை இப்போர்க்கதை சொல்லுவதேயில்லை. மறுபுறம், சட்டித் தயிரே போதும் என்பாரும் உளர். மட்டக்களப்புத் தயிரின் சுவையை மறுப்பாரில்லை. புண்பட்ட குடலை அது ஆற்றிவிடும் என்பதற்குத்தான் சான்றில்லை.

மேனாட்டார் நோய் என்று சொல்லித் தப்புவதும் இயலாது. 2010இல் வெளியான ஆய்வொன்று, கொழும்பு, கம்பகா மாவட்டங்களில் இலட்சம் பேருக்கு 5.3 பேர் புண்ணுடைப் பெருங்குடலழற்சியோடும் 1.2 பேர் குரோன் நோயோடும் வாழ்வதாகக் கணித்தது. அக்கணக்கில் மட்டக்களப்பு சேர்க்கப்படவில்லை. எண்ணப்படாதோர் அங்கு இல்லாதோர் அல்லர். மூலச்சூடு என்று பெயரிட்டு நோயை மறைத்து வாழ்வோரும் அவர்களுள் இருப்பர்.