காதுக்கு எது சுகம்?

ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு ஹெட்போன் வாங்குகிறவரைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். "இந்தப் பணத்துக்கு ஒரு பசுமாடு வாங்கலாமே!" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், நல்ல சங்கீதத்தை நல்லபடியாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை, பசுமாட்டினால் தீருகிற ஆசை அல்ல. ஆகவே வாங்கலாமா கூடாதா என்ற வழக்கை ஒருபுறம் வைத்துவிட்டு, வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று யோசிப்போம்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் அதிகமாகவே யோசிக்க வேண்டும். விலை உயர்ந்த ஹெட்போன்களில் பெயர் பெற்றவை பல, ஜெர்மனி போன்ற குளிர் தேசங்களில் உருவானவை. அவற்றுக்கு மார்க்குப் போடுகிறவர்கள் பியானோவையும் கிதாரையும் வைத்துத்தான் போடுகிறார்கள். நாம் கேட்பதோ நாதஸ்வரம். உட்கார்ந்திருப்பதோ கடலோரப் புழுக்கத்தில். அவர்கள் போட்ட மார்க்கு நமக்கு அப்படியே பொருந்திவிடுமா?

ஹெட்போன் நமக்குப் புதிய சரக்கு அல்ல. 1924-ம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பத் தொடங்கியபோது, வால்வு ரேடியோ வாங்க வசதியில்லாதவர்களுக்குக் கிரிஸ்டல் செட்டுதான் கதி. அதற்கு மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம். ஆனால் ஹெட்போன் இல்லாமல் காதில் ஒன்றும் விழாது. அதற்கும் முன்னால், 1910-ம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் வைத்து ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு விற்றார். அது பாட்டுக் கேட்பதற்காக அல்ல. கம்பியில்லாத் தந்தியைக் கேட்பதற்காக. பாட்டுக்கென்று ஸ்டீரியோ ஹெட்போன் வந்தது 1958-ல், அமெரிக்கர் ஜான் காஸ் செய்தபோதுதான். அதன் பிறகு ஜப்பானின் ஸ்டாக்ஸ், ஜெர்மனியின் சென்ஹைசர் என்று வரிசையாக வந்தன.

வகைகள் என்று பார்த்தால் முக்கியமானவை இரண்டு. காதை மூடி, வெளிச் சத்தத்தைத் தடுப்பது ஒன்று. முதுகுப்புறம் சல்லடைபோல் திறந்திருப்பது மற்றொன்று. திறந்த வகையை 1968-ல் சென்ஹைசர் கொண்டுவந்தது. இதில் பாட்டு மண்டைக்குள் அடைபட்டுக் கிடக்காமல், எதிரே மேடையிலிருந்து வருவதுபோல் விரிந்து கேட்கும். ஆனால் உங்கள் பாட்டு பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். ஹாஸ்டல் அறையில் நாலு பேரோடு இருக்கிற மாணவர் இதை வாங்கினால் சிநேகம் கெட்டுவிடும்! திருப்பாதிரிப்புலியூரில் தனி வீட்டில், ஊர் அடங்கிய பிறகு பாட்டுக் கேட்கும் பாக்கியம் பெற்றவருக்குத்தான் திறந்த வகை.

இவை தவிர, வெளி இரைச்சலைக் கொல்லும் ஹெட்போனும் உண்டு. அமர் போஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், வங்காளி ஒருவரின் மகன், 1978-ல் ஸூரிச்சிலிருந்து விமானத்தில் திரும்பும்போது இயந்திர இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல் எரிச்சல் பட்டு, அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாராம். ஹெட்போனில் உள்ள சிறு மைக் வெளி இரைச்சலைப் பிடிக்கிறது; அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே அனுப்புகிறது; இரண்டும் மோதி அடங்கிவிடுகின்றன. விமானத்துக்காகச் செய்தது நம்முடைய பஸ்ஸுக்கும் நன்றாகவே உதவுகிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் எஞ்சினின் 'கும்' என்ற உறுமல் குறைந்துவிடும். ஆனால் ஏர் ஹாரன் அடங்காது. டிரைவர் போடும் சினிமாப் பாட்டும் அடங்காது. ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலைத்தான் இந்த வித்தை நன்றாக விழுங்கும். ரயில்வே கேட்டைத் தாண்டும்போதும் ரோட்டில் நடக்கும்போதும் இதைக் கழற்றிவிட வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தம்புராவே பரீட்சை

இனி ஒலிக்கு வருவோம். ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடும்போது பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. இரண்டு ஹெட்போன்களில் எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ, அதுதான் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். வித்தியாசம் மிகச் சிறியதாக இருந்தாலும் போதும். 'இது எவ்வளவு தெளிவு!' என்று நாம் மெய்மறந்துவிடுவோம். ஆகையால் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே கேட்க வேண்டும். பாட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு, எது எது என்று தெரியாமல், நண்பர் ஒருவரை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பெயரும் விலையும் தெரிந்துவிட்டால் காது கேட்பதை நிறுத்திவிடும்; பிறகு கேட்பதெல்லாம் பணம்தான்.

எந்தப் பாட்டைக் கேட்பது? விற்பவர்கள் கொடுக்கும் 'டெமோ' பாட்டு வேண்டாம். அது எதில் போட்டாலும் இனிக்கும்படி செய்த பாட்டு. நம்முடைய தம்புராவைவிட நல்ல பரீட்சை கிடையாது. தம்புராவின் நாதம் ஒரு சுரம் அல்ல. ஜீவாளியின் மேல் தந்தி உராயும்போது ஒரு சுரத்துக்குள் இருந்து பல சுரங்கள் கிளம்பிச் சுழல்கின்றன. நல்ல ஹெட்போனில் அந்தச் சுழற்சி தெரியும். மட்டமானதில் வெறும் ரீங்காரம்தான் கேட்கும். அடுத்தது மிருதங்கம். தொப்பியின் கும்கியும் வலந்தலையின் சாப்பும் தனித்தனியே நிற்க வேண்டும். தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் காட்டும் ஹெட்போன்கள் தொப்பியைப் பறையாக அடித்துவிடுகின்றன. சினிமாப் பாட்டில் அது சுகமாக இருக்கலாம். கச்சேரியில் பாடகரையே மூழ்கடித்துவிடும்.

நாதஸ்வரம் எல்லாவற்றிலும் கடினமான பரீட்சை. சீவாளியிலிருந்து பிறக்கும் அந்த ஒலியில் மேல்நாதங்கள் மிகவும் பலமானவை. ஹெட்போன் அந்த இடத்தில் கொஞ்சம் மிகைப்படுத்தினாலும் காதில் ஊசி குத்தும். இதற்குப் பெயர் பெற்றவையும் விலக்கல்ல. 2009-ல் 1,400 டாலர் விலையில் வந்து உலகமே கொண்டாடிய சென்ஹைசர் எச்.டி. 800-ல், 6,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி துருத்திக்கொண்டிருந்தது என்று ரசிகர்கள் குறை சொன்னார்கள். அதே கம்பெனி 2016-ல் எச்.டி. 800 எஸ் என்று ஒன்றை வெளியிட்டபோது, அந்தத் துருத்தலை உறிஞ்சி அடக்க உள்ளே ஒரு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் ஒப்பிட விரும்புகிறவர் வரைபடத்தைப் புரட்டத் தேவையில்லை. ஒரு மல்லாரியைப் போட்டால் போதும்.

இன்னொரு விஷயம். 1956-ல் மறைந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுகளைத்தான் கேட்பேன் என்கிற ரசிகர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு மிக உயர்ந்த ஹெட்போன் சில சமயம் உபத்திரவம். தோடியைக் கேட்டுத் தருவதுபோலவே, ஊசி கீறிய சத்தத்தையும் அது கூசாமல் எடுத்துத் தரும். அவர்களுக்கு நடுத்தர விலையில், சற்று மென்மையாக ஒலிக்கும் ஒன்றே போதும் என்பது நம் அபிப்பிராயம்.

மூன்று மணி நேரக் கச்சேரி

ஒலியைப் பற்றி ஆயிரம் பேசலாம். ஆனால் வாங்கிய ஹெட்போன் அலமாரியில் தூங்குவதற்குக் காரணம் ஒலி அல்ல, சௌகரியக் குறைவு. கடையில் ஐந்து நிமிஷம் மாட்டிப் பார்த்தால் எல்லாமே சுகம்தான். மூன்று மணி நேரக் கச்சேரியை முழுவதும் கேட்க வேண்டுமே!

முதலில் பாரம். சென்ஹைசர் எச்.டி. 600-ன் எடை சுமார் 260 கிராம், எச்.டி. 800-ன் எடை சுமார் 330. ஆப்பிள் கம்பெனியின் பெரிய ஹெட்போன் 385 கிராம். மெல்லிய தகட்டைக் காந்தங்களுக்கு நடுவே நிறுத்தி அதிரவைக்கும் ஆடீஸி போன்றவற்றில் 600 கிராமைத் தாண்டுகிறவையும் உண்டு. ஒலி அற்புதம்தான். ஆனால் அரைப்படி அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு ராகம் தானம் பல்லவி கேட்பதுபோல் இருக்கும். பல்லவி வருவதற்குள் கழுத்து கடுத்துவிடும்.

பாரத்தைவிட அழுத்தம் பெரிது. இலேசான ஹெட்போனும் கிடுக்கிபோல் பிடித்தால் பிரயோசனம் இல்லை. எச்.டி. 600 புதிதில் இறுக்கமாகத்தான் பிடிக்கும்; நாள் ஆக ஆகத் தளரும். கண்ணாடி போட்டவர்களுக்கு வேறொரு தொல்லை. கண்ணாடிக் காம்பு குஷனுக்கும் தோலுக்கும் நடுவே சந்து விட்டுவிடும். மூடிய ஹெட்போனில் அந்தச் சந்து வழியாகத் தாழ்ந்த ஒலியெல்லாம் ஒழுகிப் போய்விடும். ஜிமிக்கி போட்டிருக்கும் பெண்களுக்கும் இதே கதைதான். அதோடு காதும் நோகும். இதையெல்லாம் எந்த விளம்பரமும் சொல்வதில்லை. ஆகவே கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடும், ஜிமிக்கி போடுகிறவர் ஜிமிக்கியோடும் மாட்டிப் பார்க்க வேண்டும்.

அப்புறம், நம்முடைய சீதோஷ்ணம். சித்திரை வைகாசியில் கடலூரில் விசிறியைப் போட்டாலும் வேர்வை நிற்காது. விலை உயர்ந்த ஹெட்போன்கள் பலவற்றில் குஷனுக்குச் செயற்கைத் தோல் போர்த்தியிருக்கிறார்கள். அது காற்றை விடாது, காது வெந்துபோகும். வேர்வையும் தலையில் தடவிய தேங்காய் எண்ணெயும் சேர்ந்து, சில வருஷங்களில் அது பொருக்குப் பொருக்காக உரிந்து காதோரமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். வெல்வெட் போன்ற துணி போர்த்திய குஷன் நமக்கு மேல். எதுவானாலும், குஷனை மட்டும் தனியே கழற்றி மாற்ற முடியுமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. எச்.டி. 600 வந்தது 1997-ல். இன்றும் விற்பனையில் இருக்கிறது, குஷனும் ஒயரும் தனியாகக் கிடைக்கின்றன. ஒயர் இல்லாத ஹெட்போன்களில் அப்படி இல்லை. குஷன் போனாலும் சமாளிக்கலாம். உள்ளே இருக்கும் பாட்டரி தேய்ந்துவிட்டால் பலவற்றை மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

ஸ்டாக்ஸ் போன்ற மின்னிலை ஹெட்போன்களைப் பற்றி ஒரு வார்த்தை. இவற்றில் மிக மெல்லிய படலம் ஒன்றுக்கு 580 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து ஒலி எழுப்புகிறார்கள். வீணையின் கமகம் அதில் கேட்பதுபோல் வேறெதிலும் கேட்காது என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் ஈரக்காற்றும் தூசியும் அந்தப் படலத்துக்கு ஜன்ம விரோதிகள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு இருப்பவருக்கு நாம் அதைச் சிபாரிசு செய்ய மாட்டோம்.

விலையைப் பொறுத்தவரை, சில ஆயிரம் ரூபாய் ஹெட்போனிலிருந்து இருபது முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போனுக்கு மாறினால் வித்தியாசம் எந்தக் காதுக்கும் தெரியும். அதற்கு மேல் விலை பத்து மடங்கு ஏறினால் சுகம் பத்து மடங்கு ஏறாது. சென்ஹைசரே ஐம்பதாயிரம் யூரோ விலையில் சலவைக்கல் பீடத்தோடு ஒரு செட் செய்து காட்டியது, அது சமஸ்தானாதிபதிகளுக்கு! ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. எச்.டி. 600 போன்றவை 300 ஓம் மின்தடை உள்ளவை. கைப்பேசியில் செருகினால் ஈனசுரத்தில் முனகும். தனியாக ஆம்பிளிபையர் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

சத்தம் எவ்வளவு வைப்பது? வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். 90 டெசிபல் வைத்தால் வாரத்துக்கு 4 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமாம். உள்காதில் உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. சிப்காட் ஆலைகளிலும் நெய்வேலியிலும் பகல் முழுவதும் இயந்திரத்தோடு இருப்பவர்களுக்கும், தவில் பயில்கிறவர்களுக்கும், காதுக்கு உரிய பங்கு வேலையிலேயே தீர்ந்துவிடுகிறது. அவர்கள் ராத்திரியில் ஹெட்போன் போட்டால் இரண்டு மடங்கு ஜாக்கிரதை வேண்டும். வெளிச் சத்தத்தை நன்றாகத் தடுக்கும் ஹெட்போனுக்குச் செலவு செய்வதில் ஓர் அர்த்தம் இருக்கிறது என்றால், இதுதான்: பஸ் இரைச்சலை ஜெயிப்பதற்காகப் பாட்டின் சத்தத்தை ஏற்ற வேண்டாம். சென்ஹைசரின் ஹெட்போன் வியாபாரத்தை 2022-ல் வாங்கியது யார் தெரியுமா? செவிடர்களுக்குக் கருவி செய்யும் ஸ்விட்சர்லாந்து கம்பெனியான ஸோனோவா!

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கஷ்டம் மிஞ்சுகிறது. மாட்டிப் பார், ஒப்பிட்டுப் பார் என்று சொல்கிறோம். எங்கே போய்ப் பார்ப்பது? மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் மேல வீதியிலும் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் படத்தைப் பார்த்துத் தபாலில் வரவழைக்கிறார்கள். ஒரு மாதச் சம்பளம் போகிற காரியத்தை இப்படிக் குருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் சிதம்பரத்தில் சங்கீதக் கல்லூரி வைத்தார். தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் அங்கே பாடம் சொன்னார்கள். 2013-ல் பல்கலைக்கழகமே அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டது. அங்கே பொதுஜனங்களுக்காக ஒரு கேட்பு அறை திறந்தால் என்ன? பெரிய செலவு இல்லை. நாலு நாற்காலி, ஓர் ஆம்பிளிபையர், விதவிதமாக ஆறு ஹெட்போன்கள், நல்ல தம்புரா ஒலிப்பதிவு ஒன்று, நாதஸ்வரம் ஒன்று, பழைய இசைத்தட்டு ஒன்று. சங்கீத மாணவர்களுக்கும் அது காதுப் பயிற்சி. கடலூர் மாவட்ட மைய நூலகத்திலும் இதேபோல் ஒரு மூலையை ஒதுக்கலாம். குஷன்களை மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் யாரையும் விடாது.