ஏ.சி ஓடியும் அறை கசகசக்கிறதா? 18 டிகிரிக்கு இறக்குவது தீர்வல்ல!

ஏ.சி போட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். ரிமோட் 24 டிகிரி காட்டும். காற்றும் சில்லென்றுதான் வரும். ஆனால், கழுத்தடி பிசுபிசுக்கும். பெட்ஷீட் லேசாக ஈரம் பட்டதுபோல இருக்கும். தரையில் கால் ஒட்டும். 'கேஸ் தீர்ந்துடுச்சு போல' என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். இல்லையென்றால், ரிமோட்டை எடுத்து 20, 18 என்று இறக்குவோம். பல வீடுகளில் கோளாறு கேஸிலும் இல்லை, டிகிரியிலும் இல்லை. அறை குளிர்ந்திருக்கிறது, ஆனால் காற்றிலிருக்கும் ஈரம் வெளியே போகவில்லை. அவ்வளவுதான்.

ஏ.சி-க்கு இரண்டு வேலைகள்

1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரப்பதம் மாற மாற காகிதம் விரிந்து சுருங்கியதால், வண்ணங்கள் சரியான இடத்தில் பதியவில்லை. அதற்குத் தீர்வாக வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினீயர் வடிவமைத்த கருவிதான் நவீன ஏ.சி-யின் தொடக்கம். ஆக, ஈரத்தைக் கட்டுப்படுத்துவது ஏ.சி-யின் ஆதி வேலை!

இண்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் மிகவும் குளிர்ந்திருக்கும். ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, அறைக்காற்று அந்தக் காயிலில் படும்போது ஈரம் தண்ணீராக மாறி, டிரெயின் பைப் வழியே வெளியேறும்.

ஒரு சின்னக் கணக்கு. 30 டிகிரி வெப்பம், 75 சதவிகித ஈரப்பதம். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது சாதாரணம். 10 அடி உயரமுள்ள, 120 சதுர அடி அறையில் இந்தக் காற்று இருந்தால், அதில் ஏறக்குறைய முக்கால் லிட்டர் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். அந்த ஈரத்தை எடுக்காமல் காற்றை மட்டும் 25 டிகிரிக்குக் குளிர்வித்தால், ஈரப்பதம் 100 சதவிகிதத்தைத் தொட்டுவிடும். கசகசப்புக்குக் காரணம் புரிகிறதா?

ஈரம் ஏன் போவதில்லை?

பெரும்பாலான ஏ.சி-க்கள் பார்ப்பது வெப்பநிலையை மட்டும்தான். செட் செய்த டிகிரி வந்துவிட்டால், கம்ப்ரஸர் நின்றுவிடும் அல்லது வேகம் குறையும். ஈரம் போயிற்றா என்று அது பார்ப்பதில்லை.

'பெருசா வாங்கினா நல்லா கூலாகும்' என்று சின்ன ரூமுக்கு 2 டன் மாட்டினால் சிக்கல் கூடும். பத்தே நிமிடத்தில் அறை குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும்; ஈரத்தை இழுக்க நேரமே கிடைக்காது. மழைக்காலத்திலும் இதே கதைதான். வெளியே வெயில் இல்லாததால் அறை சட்டென்று குளிர்ந்துவிடும், ஆனால் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கசகசப்பு அதிகமாகத் தெரிவது இதனால்தான்.

இன்னொன்று, கம்ப்ரஸர் நின்ற பிறகும் இண்டோர் ஃபேன் வேகமாகச் சுற்றினால், காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பிவிடும்.

18-ல் வைத்தால் என்ன ஆகும்?

கம்ப்ரஸர் விடாமல் ஓடும், ஈரம் குறையத்தான் செய்யும். ஆனால், பாதி ராத்திரியில் போர்வை தேட வேண்டும். கரன்ட் பில்லும் எகிறும். ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 18-க்கும் 24-க்கும் ஆறு டிகிரி இடைவெளி என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதற்காகக் கசகசப்பைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது. ஈரப்பதம் நாள்கணக்கில் 60 சதவிகிதத்துக்கு மேலே இருந்தால் பீரோவுக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் வீசிங் உள்ள குழந்தையோ, ஆஸ்துமா உள்ள பெரியவர்களோ இருந்தால் மூச்சுத்திணறலை அது தூண்டிவிடலாம்.

என்ன செய்யலாம்?

* மழை நாளில் 'டிரை' மோட் போடுங்கள். ரிமோட்டில் நீர்த்துளி படம் இருக்கும். கத்திரி வெயிலுக்கு இது போதாது. அப்போது 'கூல்' மோட்தான்.

* அறை குளிர்ந்ததும் ஃபேன் வேகத்தை 'லோ' அல்லது 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள். காற்று மெதுவாகப் போனால் காயில் அதிக ஈரத்தை இழுக்கும்.

* ஜன்னலுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர், கதவின் அடி இடைவெளி வழியாக வெளிக்காற்று வருகிறதா என்று பாருங்கள். எடுக்க எடுக்க ஈரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

* ஏ.சி அறையில் துணி காயப்போடாதீர்கள். குளித்ததும் பாத்ரூம் கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். ஏ.சி-யோடு ஏர்கூலரையும் சேர்த்து ஓட்டவே கூடாது. கூலர் காற்றில் தண்ணீரைச் சேர்க்கும் கருவி.

* ஏ.சி அதிகம் ஓடும் மாதங்களில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள்.

* புது ஏ.சி வாங்கும்போது அறையின் அளவைச் சொல்லிக் கேளுங்கள். 120 சதுர அடி வரை 1 டன் என்பது பொதுவான கணக்கு. மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறை, மேற்கு வெயில் படும் அறை என்றால் கூடுதலாகத் தேவைப்படலாம்.

மெக்கானிக் எப்போது தேவை?

புழுக்கமான நாளில் ஏ.சி-யை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, டிரெயின் பைப்புக்குக் கீழே ஒரு பக்கெட் வையுங்கள். தண்ணீர் சொட்டினால், ஏ.சி தன் வேலையைச் செய்கிறது. ஈரம் உள்ளே வரும் வழிகளை அடைப்பது நம் வேலை. சொட்டே இல்லையென்றால், இண்டோர் யூனிட்டிலிருந்து சுவரில் தண்ணீர் வழிந்தால் அல்லது காயிலில் ஐஸ் கட்டியிருந்தால் சர்வீஸுக்குச் சொல்லிவிடுங்கள். பைப் அடைப்பா, கேஸ் குறைவா என்று அவர்கள் பார்க்கட்டும்.

அதுவரை ரிமோட்டில் டிகிரியைக் குறைக்கும் பட்டனை அழுத்தும் முன், மோட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்!